கண்டக்டரம்மாவின் மீட்டர்

“பதினொண்ணு!”

கண்டக்டரம்மாவின் குரல் பாலத்தடியில் மோதித் திரும்பி வந்தது. படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

கணக்கு டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஃபிலிம் கேமரா வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து படமெடுக்கக் கிளம்புவார்கள். டீச்சர் புதிதாகச் சேர்ந்தவள். வெளிச்சத்தை அளக்கும் பழைய மீட்டர் ஒன்றை, கடைக்காரர் கொட்டாவி விடும்வரை பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தாள். இப்போது கிடைக்காத பேட்டரி கேட்டவற்றைத் தள்ளினாள். மேலே பளபளத்து, உள்ளே முள் சோம்பிக் கிடந்தவற்றையும் தள்ளினாள். பேட்டரியே வேண்டாத ஒன்றில் மட்டும், உள்ளங்கையால் மூடியதும் முள் படுத்தது. ஜன்னலருகே கொண்டுபோனதும் துள்ளி எழுந்தது.

அந்த முள் காட்டும் எண்ணை அவளே படித்து, லென்ஸ் வளையத்தை அந்த எண்ணுக்கு அவளே திருப்பி, முதல் ஃபிலிம் சுருளை எடுக்க வேண்டும். அதற்குள் இந்த அம்மா பரீட்சை ஹாலில் விடையைக் கத்துவதுபோலக் கத்திவிடுகிறாள். வெளிச்சம் மாறும்போதெல்லாம் ஒரு கத்தல்.

தையல் கடை நடத்தும் அவளுக்குக் கண்டக்டரம்மா என்று பெயர் வைத்தவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். இவங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டிருந்தால் முதலாளி கொழித்திருப்பான் என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு, மறுபடி கத்துவாள்.

டீச்சர் நேராகவே கேட்டுவிட்டாள். “அக்கா, மீட்டர் எல்லார்கிட்டயும் இருக்கு. உங்க நம்பரை நீங்களே வெச்சுக்கக் கூடாதா?”

“நல்லாக் கேட்டீங்க டீச்சர்,” என்றார் டாக்டர். “என் காது படுற பாடு எனக்குத்தான் தெரியும்.”

கண்டக்டரம்மா டாக்டரை ஒருமுறை பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டாள்.

“சரிம்மா. இனிமே கத்தலை.”

அன்றைக்கு எல்லாரும் காத்திருந்தது பெரிய படகு தண்ணீரில் இறங்குவதற்கு. டாக்டர் காலையிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த ஒரு படத்துக்காகத்தான் வந்தாராம். கிடைத்தால் வீட்டு முன்னறைச் சுவரில் மாட்டுவாராம்.

ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளத் தொடங்கியபோது, பெரிய மேகமொன்று சூரியனை மூடியது. பழைய எண்ணிலேயே எடுத்தால் படம் இருண்டுபோகும். டீச்சரின் முள் இறங்கி நின்றது. வளையத்தைத் திருப்பினாள். யாரும் சொல்லாமல் அவளே அளந்த வெளிச்சம். கர்வமாகத்தான் இருந்தது.

டாக்டரின் மீட்டர் என்ன காட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையில் அவரருகே போனாள்.

அவர் மீட்டரைக் கண்ணருகே தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கை வளையத்தின்மேல் அசையாமல் இருந்தது. படகு நகர்ந்துவிட்டது. அவர் மட்டும் எதற்கோ காத்திருப்பவர்போல, தலையை லேசாகச் சாய்த்து நின்றார்.

டீச்சர் அவர் கையைப் பார்த்தாள். பிறகு, தள்ளி நின்ற கண்டக்டரம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபமில்லை. கெஞ்சல் இருந்தது.

டீச்சர் நாலடி பின்னால் வந்தாள். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரலில் கத்தினாள்.

“அஞ்சு புள்ளி ஆறு!”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“போச்சு, இவங்களுக்கும் ஒட்டிக்கிச்சா?” என்று முணுமுணுத்துக்கொண்டே டாக்டர் வளையத்தைத் திருப்பினார். வளையத்தில் இருந்த எண்களைப் பார்க்கவே இல்லை; விரல் எண்ணியதுபோல, க்ளிக், க்ளிக். படகு தண்ணீரைத் தொட்ட நொடியில் அவர் கேமராவும் சத்தமிட்டது.

அவர் கைவிட்ட மீட்டர் கழுத்துக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் தோலுறை, பொத்தான்கூடக் கழற்றப்படாமல், மூடியபடியே இருந்தது.