பாதிக் காற்று

போர்ட் பிளேர் ஓடுபாதையில் காற்றின் வேகம் இருபது நாட், திடீர் வீச்சில் முப்பது. வித்தியாசம் பத்து. வீச்சு சட்டென அடங்கினால் விமானம் தொப்பென விழாமலிருக்க, வழக்கம்போல அதில் பாதியை மட்டும் இறங்கும் வேகமான நூற்றைந்தோடு கூட்டி, "நூத்திப்பத்து போதும்," என்றாள் விமானி உமா மகேஸ்வரி.

"முழுசா பத்தையும் சேர்த்துக்கலாம் மேடம்," என்றது ஹெட்போனில் ஒரு குரல்.

பக்கத்தில் துணை விமானி பிரவீன்குமார் வாயே திறக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில், இதேபோன்ற காற்றில், அப்போதைய துணை விமானி, போர்ட் பிளேருக்குப் பக்கத்து பாம்பூஃப்ளாட்டுக்கார ஜெரின் இப்படித்தான் கெஞ்சினான். "எனக்குத் தெரியும், சும்மா இரு," என்று அடக்கிவிட்டாள். விமானம் தரையில் மோதியதில் அவன் பிழைக்கவில்லை.

இம்முறை பத்தையும் சேர்த்தாள். விமானம் பூப்போல இறங்கியது. பயணிகள் போனார்கள். பிரவீன்குமாரும் போனான்.

"அன்னைக்கே உன் பேச்சைக் கேட்டிருக்கணும் ஜெரின்," என்றாள்.

ஹெட்போனில் அதே குரல் மெல்லக் கேட்டது:

"அன்னைக்கு ஏறின விமானத்துலேருந்து நாம எப்ப மேடம் இறங்குவோம்?"