முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

மந்தை மொத்தமும் ஓநாயின் கம்பெனியில் பங்கு வாங்கி, அதன் வயிற்றுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. ஓநாயைக் கூண்டில் ஏற்றியே தீருவது என்று, தப்பிப் பிழைத்த ஒற்றை வெள்ளாடு சட்டக் கல்லூரியில் சேர்ந்து கம்பெனிச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தது.

கடைசி வருஷம், பங்கு விற்க ஓநாய் அச்சடித்த ப்ராஸ்பெக்டஸ் லைப்ரரியில் கிடைத்தது. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: 'பங்கு வாங்கும் ஆடுகள் உண்ணப்படலாம்.'

கூடப் படிக்கும் காகம் எட்டிப் பார்த்தது. "முன்னாடியே சொல்லிட்டானே! அப்புறம் எங்கடி கேஸு?"

"இத்தனை பக்கத்தை எந்த ஆடு படிக்கும்?"

"அது அவன் கவலையா?"

பரீட்சையில் அதே கேள்விதான் வந்தது: 'சொல்லிவிட்டுத் தின்ற ஓநாய் குற்றவாளியா?'

வெள்ளாடு 'இல்லை' என்று எழுதியது.

பத்துக்குப் பத்து போட்டிருந்தார்கள்.