கௌரவ உதை

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கையுறையால் துடைத்தால் மண்தான் சேரும். அப்படியே விட்டான்.

கோல் கம்பங்களுக்கு நடுவில் நின்றான் அவன். பங்குனி வெயில். பின்னேரம் மூன்றரை மணி. உடம்பில் கனடாவிலிருந்து வந்த சட்டை.

பனியில் விளையாடுகிறவர்களுக்கென்று தைத்த சட்டை அது. உள்ளே பஞ்சுபோல ஒரு துணி. கழுத்துவரை மூடியது. கைகள் மணிக்கட்டைத் தாண்டித் தொங்கின.

அனுப்பியவர்கள் தங்கள் வீட்டு யன்னலுக்கு வெளியே பார்த்துத் தெரிவுசெய்து அனுப்பியிருந்தார்கள்.

முதுகில் ஒன்றாம் இலக்கம், அதன்மேல் கழகத்தின் கனடாக் கிளையின் பெயர். நெஞ்சில் லண்டன் கிளை. வலது கையில் பாரிஸ். இடது கையில் சுவிஸ்.

ஊரின் பெயருக்கு இடம் போதவில்லை.

மூன்று மணிக்குத் தொடங்கியிருக்க வேண்டிய இறுதியாட்டம். வென்றால் அலையொளி விளையாட்டுக் கழகம் முதலாம் பிரிவுக்குப் போகும். நாற்பது வருடத்தில் நடக்காதது.

அவனுக்கு முப்பத்துநாலு வயது. பதினொரு வருடமாக இந்தக் கம்பங்களுக்கு நடுவில் நிற்கிறான். விடியக் கடலுக்குப் போவான், பின்னேரம் இங்கே வருவான். இன்னொரு இறுதியாட்டம் அவனுக்கு வரப்போவதில்லை.

மூன்றாம் பிரிவில் கிடந்து அடிவாங்கிய காலத்தில் பார்க்க வந்தவை ஆடுகள். அவையும் புல்லுக்காக வந்தவை.

போன வருடம் இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். ஏறின கையோடு கிளைகள் முளைத்தன.

‘நாங்கள் வென்றுவிட்டோம்’ என்று லண்டனில் கேக் வெட்டினார்கள். அந்த ஆட்டத்தில் அவனுக்கு இரண்டு விரல் உடைந்திருந்தது.

கேக்கின் படம் வந்தது.

இன்றைக்கு நாலு கிளையும் நேரில் வந்திருந்தன. பேச்சு முடிந்து, பாண்ட் வாத்தியம் முழங்க மைதானத்துக்குள் இறங்கின. எதிரணி அலுத்துப்போய் வேலியோர நிழலில் குந்திவிட்டது.

எல்லாருக்கும் முன்னால் வந்தவர் கனடாக் கிளைத் தலைவர் றெஜினோல்ட். கழுத்தில் ஒரு மாலை. அதன்மேல் இன்னொரு மாலை. ‘விளையாட்டுச் செம்மல்’ என்றது ஒலிபெருக்கி. அரை மணி நேரத்துக்கு முன் அதே ஒலிபெருக்கி கொடுத்த பட்டம்.

அவரும் கழகச் சட்டைதான் போட்டிருந்தார். அவர் முதுகிலும் ஒன்றாம் இலக்கம்.

சற்றுமுன், வரிசையாகக் கைகொடுத்துக்கொண்டு வந்தவர், அவன் கன்னத்தில் தட்டினார்.

“ஒரு மேட்ச் விடாமல் லைவில பாக்கிறனான். விடிய அஞ்சு மணிக்கு எழும்பி.”

பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி கழகத்துக்குப் புதுசோ?”

கழகச் செயலாளர் டன்ஸ்ரன் சிரித்தார். கிளைகளும் சிரித்தன, எதற்கென்று தெரியாமல்.

நேரலைக் கமரா எப்போதும் எதிரணியின் கோலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கிளைகள் அப்படித்தான் கேட்டிருந்தன. நாங்கள் அடிக்கிற கோல் தெரிந்தால் போதும் என்று.

அவன் திரும்பிக் கோலுக்குள் போய் நின்றான்.

இப்போது கௌரவ உதை.

இறுதியாட்டம் என்றால் அது இருக்கும். பிரதம விருந்தினர் பெனால்டி அடிப்பார். கோல் கீப்பர் மறுபக்கம் பாய்வான். பந்து வலைக்குள் போகும். கைதட்டல், படம், பிறகு ஆட்டம்.

டன்ஸ்ரன் காலையிலேயே வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தார்.

“உன்ர குணம் எனக்குத் தெரியும். பந்தை விட்டுக்குடு. பிடிச்சியெண்டா இண்டைக்குக் கிளின்ரன்தான் கோலுக்கு. விளங்குதோ?”

மாற்று கீப்பர் கிளின்ரன் வெளிக்கோட்டில் இருந்தான். கையுறைகள் மடியில். தலை குனிந்திருந்தது.

றெஜினோல்ட் மாலைகளைக் கழற்றவில்லை. பந்திலிருந்து பத்துக் காலடி பின்னால் போனார். யோசித்துவிட்டு இன்னும் இரண்டு போனார். இடுப்பில் கைவைத்து வானத்தைப் பார்த்தார். கைபேசிகள் உயர்ந்தன.

ஓடிவந்தார்.

சப்பாத்து முதலில் மண்ணில் பட்டது. பிறகுதான் பந்தில்.

அவன் வலப்பக்கம் பாய்ந்தான். சொன்னபடி. வாய்க்குள் மண் போனது. கண்ணை மூடிக் கைதட்டலுக்குக் காத்திருந்தான்.

கைதட்டல் வரவில்லை.

கண்ணைத் திறந்தான்.

பந்து இடப்பக்கத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டடி முன்னால், நின்றுவிட்டிருந்தது.

ட்ரம்பெட்காரர் வாயில் வைத்ததை எடுக்கவும் இல்லை, ஊதவும் இல்லை. ஒரு கைபேசியும் இறங்கவில்லை.

டன்ஸ்ரன் கண்ணால் காட்டினார். அவன் அசையாததைப் பார்த்துக் காலாலும் காட்டினார்.

தட்டிவிடு.

பதினொரு வருடத்தில் அவன் விட்ட கோல்கள் எத்தனையோ. ஒன்றைக்கூடத் தன் காலால் உள்ளே தள்ளியதில்லை.

எழுந்தான். மண்ணைத் துப்பினான். பந்தைக் கையில் எடுத்தான்.

நடந்துபோய்ப் பெனால்டிப் புள்ளியில் வைத்தான். நிமிர்ந்து, மாலைகளுக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தான்.

“திரும்ப அடியுங்கோ அங்கிள்” என்றான், மிக மரியாதையாக. “நான் புதுசு. முந்திப் பாய்ஞ்சிட்டன்.”

“அதானே பாத்தன்” என்றார் றெஜினோல்ட். மறுபடியும் பன்னிரண்டு காலடி எண்ணிப் பின்னால் போனார்.

அவன் கோட்டுக்குத் திரும்பினான். சட்டையின் கைகளை முழங்கைவரை சுருட்டினான். பாரிஸும் சுவிஸும் மடிப்புக்குள் போயின.

முழங்கால்களை மடித்தான். பந்தை மட்டும் பார்த்தான்.

வெளிக்கோட்டில் கிளின்ரன் தலையை நிமிர்த்தினான். கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு, ஒவ்வொரு விரலாக, கையுறையை மாட்டத் தொடங்கினான்.