வெயிலுக்கு மட்டும்

கப்பல் வெயில் கடல்களில் புறப்பட்டு, மழைக்குள் புகுந்து, மூன்றாம் மாதம் பனிமலைகளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். பருத்திச் சட்டையிலிருந்து கம்பளிக் குல்லா வரைக்கும் சபேசனின் பெட்டியில் பூங்கோதை அடுக்கி முடித்திருந்தாள். அவளுடைய பெட்டியில் பருத்திப் புடவைகள் மட்டும் இருந்தன. அவளுக்கென்று அவர் வாங்கிய சிவப்பு ஸ்வெட்டர் விலைச்சீட்டுகூடக் கிழிக்கப்படாமல் கட்டிலில் கிடந்தது.

மறந்துவிட்டாள் என்று நினைத்து, அதை அவள் பெட்டிக்குள் திணிக்கப் போனார். அடியில் மடிப்புக் கலையாத ஒரு புதுப் புடவை தட்டுப்பட்டது.

"இது எப்ப எடுத்த?"

"எங்கண்ணன் குடுத்தாங்க. பொறந்த வீட்டுக் கோடி. கடைசியா என்மேல போடறதுக்கு அவங்க நடுக்கடலுக்கு எப்படிங்க வர முடியும்? அதான் முன்னாடியே கேட்டு வாங்கிட்டேன்."

டாக்டர் தன்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு அவளைப் பற்றிச் சொன்னதைச் சபேசன் ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. இந்தப் பயணமே அதனால்தான் என்பதையும்.

அவள் ஸ்வெட்டரை அவர் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் வைத்து அளவு பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அதை மடித்து அவருடைய பெட்டியில் வைத்தாள்.

"பனி வர்றப்ப இது உங்ககிட்ட இருக்கட்டும்."