தண்ணீர்த் தொட்டியைத் தொட்ட டார்ச்

கடை அலமாரியில் இருந்த நெட்டை டார்ச்சுக்குப் பெருமை தாங்காது. "என் வெளிச்சம் ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டியையே தொடும், தெரியுமில்ல?" என்று பக்கத்துக் குட்டை டார்ச்சிடம் தினமும் சொல்லும்.

"நான் அவ்வளவு தூரம் போகமாட்டேண்ணே. கழுத்தை இழுத்தா பாதி தூரம், தள்ளினா காலடி முழுக்கத் தெரியும்."

"பாதி தூரமெல்லாம் ஒரு தூரமா?"

ஒரு சாயங்காலம் கரண்ட் போன நேரத்தில், சோளக்காட்டுக் காவலுக்கு டார்ச் வாங்கப் பெருமாயி வந்தாள். முதலில் நெட்டையைத்தான் எடுத்தாள். வெளிச்சம் பாய்ந்து போய், தொட்டியில் எழுதியிருந்த எண்ணைக்கூடக் காட்டியது. அதைப் பார்த்தபடியே ஓரடி வைத்தவள், படியோரத்துப் பெயின்ட் டப்பா தடுக்கி விழுந்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்து, குட்டையை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலி இடத்துக்கு ஒரு புது டார்ச் வந்தது. நெட்டை அதனிடம் சொன்னது:

"நேத்து ஒருத்தி, என் வெளிச்சத்தைப் பார்த்த பிரமிப்புல அப்படியே விழுந்துட்டா."