கல் படாத கத்தி

சம்பந்தியின் மூக்குக்கு நேரே நான் கத்தியை நீட்டியபோது என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணத் தேதி குறிக்க வந்த மனிதர் அசையவில்லை. நிதானமாகத் தன் பைக்குள் கையை விட்டு அவரும் ஒரு கத்தியை எடுத்தார்.

யாரும் பதற வேண்டாம். நாங்கள் உருக்கைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"டி-டூ," என்றேன், என் கத்தியைத் திருப்பிக் காட்டி. "இதுக்கு மேல ஒரு ஸ்டீல் இனிமே பொறந்தாத்தான் உண்டு."

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று என் மகளைக்கூட அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

"கத்தி வச்சிருக்கிறவன்ல பாதிப் பேரு டி-டூதான் வச்சிருக்கான். அதுக்காக நல்லதுன்னு ஆயிடுமா? ஈரம் பட்டாப் புள்ளி விழும். மழுங்கிட்டாத் தீட்டுறதுக்குள்ள உயிர் போயிடும். என்னுது பவுடர் ஸ்டீல், சம்பந்தி. துருவும் இல்ல, தொல்லையும் இல்ல."

"பொடியை அழுத்திச் செஞ்சதெல்லாம் ஒரு இரும்பா?"

என் மனைவி இருமினாள். இன்று கத்திப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது அவள் உத்தரவு. என்னை முழுக்கைச் சட்டை போட வைத்ததும் அவள்தான். தினமும் காலையில் நடை போய் வந்ததும், இழுப்பறையிலிருந்து கத்தியை எடுத்து முன்கை ரோமத்தை மழித்துக் கூர் பார்ப்பேன். அதனால் என் இடது கை கத்தரிக்காய் போலப் பளபளக்கும். அந்த வெயிலில் மனைவி, மகனோடு சம்பந்தியும் முழுக்கைச் சட்டையில் வந்து இறங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

காபி வந்தது. சம்பந்தியம்மா பீங்கான் கப்பைத் தூக்கியபோது அதன் சொரசொரப்பான அடிவிளிம்பு கரி பிடித்ததுபோல் கறுத்துக் கிடந்தது. எனக்கு மானம் போயிற்று.

"வந்தவங்களுக்குக் குடுக்கிற கப்பை ஒழுங்காக் கழுவக் கூடாதா?" என்று பல்லைக் கடித்தேன்.

"கழுவினாலும் அது போகாதுங்க," என்றாள் என் மனைவி.

சம்பந்தியம்மா கப்பைச் சட்டென்று தட்டில் வைத்து மறைத்துவிட்டார். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

"தீட்டினாத்தானே உயிர் போகும்?" என்று நான் விட்ட இடத்தில் பிடித்தேன். "வாங்கி மூணு வருஷமாச்சு. இது இன்னும் கல்லையே பார்த்ததில்ல."

"டி-டூவா? மூணு வருஷமா? கதை விடாதீங்க. கல்லைப் பார்க்காத கத்தின்னா அது என்னுது."

கதை விடுவதா! எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதில்லை. முதுகை நிமிர்த்தி, செய்தித்தாளை உயரப் பிடித்து, ஒரே இழுப்பு. தாள் சத்தமில்லாமல் இரண்டாயிற்று. அவரும் இழுத்தார். அதுவும் சத்தமில்லாமல் இரண்டாயிற்று.

அடுத்து இருவரும் சட்டைக் கையை மடித்தோம். இரண்டு கத்தரிக்காய்கள் வெளியே வந்தன. மழிக்க ஒன்றும் மிச்சமில்லை. மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார்.

சம்பந்தி என் கத்தியின் விளிம்பைக் கட்டை விரலால் தடவினார். "இது புதுசாத் தீட்டின கூரு."

நானும் அவருடையதைத் தடவினேன். "இது மட்டும் என்னவாம்?"

"எம் பையன் மேல சத்தியமா என் கை கல்லைத் தொட்டதில்ல."

"எம் பொண்ணு மேல சத்தியமா எங்க வீட்டுல சாணைக்கல்லே கிடையாது!"

"அப்போ நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்ச் சத்தியம் பண்றோம். பொய் சொல்ற வீட்டுல சம்பந்தம் வேண்டாம்னு எங்கப்பா சொல்வாரு."

"எங்கப்பாவும் அதையேதான் சொல்வாரு."

"அப்பா, கல்யாணம் எனக்கா, கத்திக்கா?" என்றாள் என் மகள்.

யாராவது ஒருவர் ஒரு வார்த்தை இறங்கி வந்திருந்தால் போதும். ஆனால் எங்கள் வம்சத்து முதுகெலும்பில் கீல் வைத்துப் படைக்கவில்லை. சம்பந்தி கத்தியை மடக்கிப் பையில் போட்டு எழுந்தார். எங்கள் மனைவிமார் இருவரும் கப்புகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார்கள்.

அவர் செருப்பில் கால் நுழைக்கும்போது உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. மெதுவாகப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு.

"என்ன டி-டூவோ போங்க! ஒரு பூசணிக்காய் நறுக்கினாலே மழுங்கிடுது. அவரு நடை போயிட்டு வர்றதுக்குள்ள இந்தக் கப்போட அடியில நாலு தீட்டுத் தீட்டி இழுப்பறையில வச்சிடுவேன். அதான் இந்தக் கறுப்பு."

என் முதுகு அன்றுதான் வளைந்தது. சம்பந்தி ஒரு காலில் செருப்போடு திரும்பி, மீசைக்கு அடியில் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் மனைவியின் குரல் வந்தது.

"எங்க வீட்டுலயும் கப்புதான், சம்பந்தியம்மா!"