பன்னிரண்டு வாய்

“வாயை மூடாதீங்க சார். நாக்கை அசைக்காம ‘ஈ’ன்னு சொல்லுங்க. ம், அப்படித்தான். இப்ப உதட்டை மட்டும் விசில் அடிக்கிற மாதிரி குவிங்க.”

நாற்காலியில் இருந்த வங்கி அதிகாரி கண்ணை இறுக்கிக்கொண்டு குவித்தார். பல் பிடுங்கப் போகிறார்கள் என்று பயந்தவர் மாதிரி இருந்தது முகம். ஆனால் ‘ஈ’யும் இல்லாத, ‘ஊ’வும் இல்லாத அந்தப் பிரெஞ்சுச் சத்தம் சுத்தமாக வந்து விழுந்தது.

“வந்துடுச்சு மேடம்!” வகுப்பில் இருந்த ஆறு பேரும் கைதட்டினார்கள்.

வாயக்காவுக்குப் போன உயிர் திரும்பியது. மொழிப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு இது அவளுக்குச் சோதனை வகுப்பு. இருபதே நிமிடம். இதிலும் தோற்றால் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வாயக்கா என்பது பழைய ஆபீஸ் வைத்த பெயர். ஆள் என்னவோ வாயில்லாப் பூச்சி. கார்ட்டூன் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் வாய் வரைவதுதான் பதினான்கு வருடமாக அவள் உத்தியோகம். எல்லாம் பிரெஞ்சுப் படங்கள். எந்தச் சத்தத்துக்கு எந்த வாய் என்று கேட்டுக் கேட்டுப் போட்டதில் பாஷையே ஒட்டிக்கொண்டது. பிறகு பரீட்சையும் எழுதித் தேறினாள்.

போன வருடம் ஒரு மென்பொருள் வந்தது. அவள் ஒரு வாரம் போடும் வாய்களை அது டீ குடித்து முடிப்பதற்குள் போட்டது. வங்கி அதிகாரி இப்போது சொன்ன இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் ‘ஊ’ வாயையே மாட்டி ஒப்பேற்றியது. அவள் எடுத்துச் சொன்னாள். “குழந்தைங்க பாக்கற படம், இதையெல்லாம் யாரு கவனிக்கப் போறா?” என்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீடு என்றால் அண்ணன் வீடு. ஹால் சோபாதான் படுக்கை. “இதாவது கிடைச்சிடும்ல?” என்று காலையில் அண்ணி கேட்டாள். எரிந்து விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், அண்ணி கெஞ்சுகிற குரலில் கேட்டாள்.

வாய் வரைந்து பிழைத்தது போதும், இனி வாயால் பேசிப் பிழைப்போம் என்றுதான் டீச்சர் வேலைக்கு வந்திருந்தாள். ஆனால் முதல் ஐந்து நிமிடம் அவள் குரல் முன்வரிசைக்கே எட்டவில்லை. வேறு வழி தெரியாமல் போர்டில் ஒரு வாயை வரைந்தாள். அப்புறம் இன்னொன்று. அதன் பிறகுதான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

நேரம் முடிந்து டஸ்டரை எடுத்தாள்.

“அழிக்காதீங்க!”

பின்வரிசையில், பள்ளி முதல்வர் அம்மாளுக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் கையுமாக இருந்த கண்ணாடிக்காரர் ஓடி வந்தார். வகுப்பு முழுக்க அவள் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காத மனிதர், போர்டை நாலு போட்டோ எடுத்தார்.

“மொத்தம் எத்தனை வாய் வரைவீங்க?” என்றார் முதல்வர்.

“பன்னெண்டு மேடம். பன்னெண்டு வாய் இருந்தாப் போதும், யாரை வேணாலும் ஃப்ரெஞ்ச் பேச வெச்சிடலாம்.” ஆயுசில் முதல்முறையாக அவள் பெருமையடித்துக்கொண்டாள்.

முதல்வரும் கண்ணாடிக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“வேலை உங்களுக்குத்தான். நாளைக்கே வந்துடுங்க.”

வாயக்கா அழுதேவிட்டாள். ‘கிடைச்சிடுச்சு அண்ணி’ என்று செய்தி அனுப்பிவிட்டுத்தான் மூக்கைத் துடைத்தாள்.

“எனக்கு எந்த கிளாஸ் மேடம்? புதுசா சேர்ந்தவங்களா?”

கண்ணாடிக்காரர் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். திரையில் கோட்டுப் போட்ட ஒரு கார்ட்டூன் பெண், போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பெரிய கண், எடுப்பான மூக்கு. மூக்குக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

முதல்வர் புன்னகையோடு சொன்னார்:

“கிளாஸை இவங்க எடுத்துக்குவாங்க. நீங்க வாய் மட்டும் போட்டுக் குடுங்க.”